பந்திக்கு முந்தி ஒரு மாத்திரை

பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பெயர் எதுவாக இருந்தாலும், மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் பழக்கம் செட்டிநாட்டுப் பக்கம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. சுகர் கூடிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, எடை ஏறிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தில் சோற்றை நிறுத்தியவர்கள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முகநூல் குழுக்களிலும் வாட்ஸப்பிலும் படித்துத் தெரிந்துகொண்டு முட்டை, பனீர், பாதாம், நாட்டுக்கோழி என்று மாறியவர்கள். சாதாரண நாட்களில் அவர்களுக்குச் சிரமமில்லை. ஒரு கல்யாணம், ஒரு மணிவிழா, முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்பு வந்தால்தான் திண்டாட்டம். அந்த நாளுக்கென்றே செய்தது போல ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்திருக்கிறது. கார்ப் பிளாக்கர் என்றோ ஸ்டார்ச் பிளாக்கர் என்றோ டப்பாவில் போட்டிருக்கும். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் விழுங்கிவிட்டால் சோறு, இட்லி, இடியாப்பத்தில் உள்ள மாவுச்சத்து செரிக்காமலே வெளியேறிவிடும் என்பது அதன் வாக்குறுதி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் நாட்களில் இந்த மாத்திரைக்கு வயிற்றில் வேலை இல்லை. விருந்துக்குப் போகும் நாளில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆனால் செட்டிநாட்டு விருந்தில் உடம்பைப் படுத்துகிற பலவற்றை அது தொடுவதே இல்லை. இப்படிச் சொல்வதற்கான காரணம், மாத்திரை எந்த இடத்தில் போய் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு நிற்கும் நீளச் சங்கிலி. இந்தச் சங்கிலியை அப்படியே குடல் உறிஞ்ச முடியாது. வாயில் சோறு விழுந்த உடனேயே எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அதை வெட்டத் தொடங்குகிறது. இரைப்பையின் அமிலத்தில் அந்த வேலை நின்றுவிடும். பிறகு சிறுகுடலில் கணையம் சுரக்கும் அமைலேஸ் மீதியை வெட்டி, இரண்டு மூன்று குளுக்கோஸ் கொண்ட சிறு துண்டுகளாக ஆக்குகிறது. கடைசி வெட்டு குடல் சுவரிலேயே ஒட்டியிருக்கும் வேறு நொதிகளின் வேலை. அங்கே தனித்தனி குளுக்கோஸாகப் பிரிந்த பிறகுதான் அது இரத்தத்தில் ஏறும்.

கடையில் விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே நிற்கின்றன: அமைலேஸ் நொதியில். அதற்கான சரக்கு வெள்ளை கிட்னி பீன்ஸிலிருந்து எடுக்கிற ஒரு புரதம். நாம் ராஜ்மா என்று வாங்கும் பயற்றின் வெள்ளை வகை இது. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளின் செரிமானத்தைக் கெடுப்பதற்காக அந்தச் செடி வைத்துக்கொண்டிருக்கும் ஆயுதம் என்று தாவரவியலார் சொல்வார்கள். மனித அமைலேஸையும் அது பிடித்துக்கொள்கிறது.

டப்பாவைப் பார்த்தால் புதிய கண்டுபிடிப்பு போலத் தோன்றும். உண்மையில் கதை பழையது. பீன்ஸில் அமைலேஸைத் தடுக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1945-லேயே அமெரிக்காவில் பௌமன் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். 1975-ல் மார்ஷல், லௌடா என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து ஃபேசியோலமின் என்று பெயரிட்டார்கள். அதற்குப் பிறகு வியாபாரம் சூடுபிடித்து, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க ஸ்டார்ச் பிளாக்கர் மாத்திரைகள் விற்றன. வேண்டியதைச் சாப்பிடலாம், எடை ஏறாது என்ற அதே விளம்பரம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி என்று புகார்கள் வர, 1982 ஜூலையில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இவற்றை மருந்து என்று வகைப்படுத்தி, அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்று நிறுத்தியது.

அதே ஆண்டில் டல்லாஸ் நகரில் ஃபோர்ட்ரன் என்ற குடல் மருத்துவரின் குழு செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரடியான சோதனை இந்தத் துறையில் அபூர்வம். உடல் ஆரோக்கியமான ஐந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் குடலை முழுக்கக் கழுவிச் சுத்தப்படுத்தினார்கள். பிறகு 100 கிராம் மாவுச்சத்து இருக்கும்படி ஸ்பெகட்டியும் ரொட்டியும் கொண்ட சாப்பாடு. ஒரு நாள் ஸ்டார்ச் பிளாக்கர் மாத்திரையுடன், இன்னொரு நாள் அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரையுடன். சாப்பிட்ட பிறகு பல மணி நேரம் கழித்துக் குடலை மறுபடியும் கழுவி, வெளியே வந்த அத்தனையையும் சேகரித்து, அதில் எத்தனை கலோரி மிச்சம் இருக்கிறது என்று எரித்து அளந்தார்கள்.

100 கிராம் மாவுச்சத்து என்றால் 400 கலோரி. மாத்திரை சொன்னபடி வேலை செய்திருந்தால், மாத்திரை போட்ட நாளில் வெளியேறிய கலோரி 400 அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். இரண்டு நாளும் ஏறத்தாழ 80 கலோரிதான் வெளியேறியது. வெற்று மாத்திரைக்கும் ஸ்டார்ச் பிளாக்கருக்கும் வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி ஆனது? சோதனைக்குழாயில் அமைலேஸை அழகாகத் தடுக்கிற பொருள் வயிற்றுக்குள் ஏன் தோற்றது? பதிலின் ஒரு பாதி, அந்நாளைய மாத்திரைகளில் சரக்கு போதவில்லை என்பது. அமெரிக்காவின் மயோ மருத்துவமனையில் லேயர், டிமாக்னோ ஆகியோரின் குழு 1985 வாக்கில் நன்றாகச் சுத்திகரித்த, பல மடங்கு வீரியமான சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது குடலில் அமைலேஸின் வேகம் உண்மையிலேயே குறைந்தது. மறுபாதிதான் முக்கியம். நம் கணையம் தேவைக்கு அளவாக அமைலேஸ் சுரப்பதில்லை; தேவையைப் போலப் பல மடங்கு சுரக்கிறது. நூறு பேர் சாப்பிடும் பந்திக்கு ஐம்பது பேர் பரிமாற நின்றால், அதில் இருபது பேரை வெளியே அனுப்பினாலும் ஓர் இலையும் காலியாகக் கிடக்காது. ஏறக்குறைய அத்தனை அமைலேஸையும் முடக்கினால்தான் செரிமானத்தில் தட்டுப்பாடு தெரியும். கொஞ்சம் முடக்கினால், செரிமானம் சற்றுத் தாமதமாகும். சிறுகுடலின் மேல்பகுதியில் நடக்க வேண்டியது கீழ்ப்பகுதியில் நடக்கும். அவ்வளவே.

2000-க்குப் பிறகு, மேம்பட்ட சாறு என்ற பெயரில் இந்த மாத்திரை மறுபடியும் சந்தைக்கு வந்தது. இப்போது நம் ஊருக்கு வருபவை இந்த இரண்டாம் தலைமுறை. இவற்றுக்குச் சாதகமான ஆய்வுகளும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு. லேசாகப் பருமனான 60 பேர், 30 நாள். பீன்ஸ் சாறு எடுத்தவர்கள் சராசரியாக 2.9 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரைக்காரர்கள் 0.35 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011-ல் பிரிட்டனில் இதுபோன்ற ஆறு சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, எடைக் குறைப்பில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. உடல் கொழுப்பில் மட்டும் சிறிய குறைவு தெரிந்தது. சோதனைகள் நடத்தப்பட்ட விதமே சரியில்லை, பெரிய, கறாரான ஆய்வுகள் தேவை என்று அந்தக் குழு எழுதியது.

அந்த இத்தாலிய ஆய்வில் ஒரு விவரத்தை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. அதில் கலந்துகொண்டவர்களுக்கு நாளுக்கு 2,000 முதல் 2,200 கலோரி வரை உணவு கொடுக்கப்பட்டது. மாவுச்சத்து முழுவதையும் முக்கிய வேளையில் சேர்த்துச் சாப்பிடச் சொல்லி, அந்த வேளைக்கு முன்னால்தான் மாத்திரை கொடுத்தார்கள். அதாவது, மாத்திரைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த ஆய்வே பாஸ்தாவும் ரொட்டியும் தாராளமாகச் சாப்பிட்டவர்களிடம் நடந்தது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்ட ஒருவர் அந்த முடிவைத் தனக்கு எடுத்துக்கொள்ள வழியே இல்லை. தடுப்பதற்கு மாவு இருந்தால்தானே தடுப்பான் தடுக்கும்?

கணக்காகவே பார்த்துவிடலாம். கீட்டோ உணவில் நாளுக்கு 20 முதல் 50 கிராம் வரை கார்போஹைட்ரேட் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) என்பது வழக்கமான வரம்பு. 50 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வருகிறது? தயிர், தேங்காய், பாதாம், தக்காளி, வெங்காயம், கீரை, கத்திரிக்காய். இதில் பெரும்பகுதி மாவுச்சத்தே அல்ல. பால் சர்க்கரை, காய்களில் இயல்பாக உள்ள சர்க்கரை, அந்த வகை. மாவுச்சத்து என்று தேறுவது 15 கிராம் என்று கொள்வோம். கோலா உருண்டையில் பிடிமானத்துக்குப் போடும் பொட்டுக்கடலை மாவு, குழம்பில் விழும் கொஞ்சம் பருப்பு, இப்படி. மாத்திரை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கிறது என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டாலும் 5 கிராம், 20 கலோரி. தாளிப்பில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் 45 கலோரி போய்விடும். மாதம் முழுக்க மாத்திரைக்குக் கொடுக்கும் பணம் இந்த 20 கலோரிக்குத்தான் போகிறது.

அந்த 20-லும் முழுசாகக் கழிவதில்லை. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. செரித்த மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகிறது என்றால், இப்படிப் புளித்தது கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரி தருகிறது. அதாவது தடுத்ததில் பாதி பின்வாசல் வழியாக உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. புளிக்கும்போது வாயு உண்டாகும். வயிறு உப்பி, இரைந்து, நாலு பேர் மத்தியில் சங்கடப்பட நேர்வது இதனால்தான்.

இப்படிப் புளிப்பது கெடுதலான விஷயம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சிறு கொழுப்பு அமிலங்கள் குடலுக்கு நல்லவை. ஆனால் அதற்குப் பயறும் காயும் போதும், மாத்திரை தேவையில்லை.

விருந்து நாளுக்கு வருவோம். மாத்திரை வாங்குகிறவர்கள் அதிகம் நினைப்பது அந்த நாளைத்தான். தேவகோட்டையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பலகாரத் தட்டு வரும்போது, ஆறு மாதமாகச் சோறே தொடாத என் அத்தை கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"ஏந்தம்பி, இதுல ரெண்டு போட்டுக்கிட்டா ரெண்டு கந்தரப்பம் திங்கலாம்ல? மாவு உடம்புல ஒட்டாதுன்னு போட்டுருக்கு."

"மாவுக்குத்தான் அத்தை அது. கந்தரப்பத்துல இருக்க வெல்லத்துக்கு ஒண்ணும் செய்யாது."

"வெல்லத்துக்குச் செய்யாதா? அப்ப வெள்ளைப் பணியாரம் எடுத்துக்கிறேன்."

"அது குடிச்சிருக்க எண்ணெயையும் ஒண்ணும் செய்யாது."

அத்தை கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது. டப்பாவில் இருக்கும் பெயர்தான் ஏமாற்றுகிறது. கார்ப் பிளாக்கர் என்று எழுதியிருப்பதால் எல்லா கார்போஹைட்ரேட்டையும் தடுக்கும் என்று யாரும் நினைப்பார்கள். வெல்லம், சீனி, கருப்பட்டி, தேன் எதையும் செரிக்க அமைலேஸ் தேவையில்லை. சீனியை வெட்டுவது குடல் சுவரில் இருக்கும் வேறொரு நொதி. பீன்ஸ் சாறு அதன் பக்கமே போவதில்லை. பாலில் உள்ள சர்க்கரைக்கும் அப்படித்தான், பழத்தில் உள்ளதற்கும் அப்படித்தான்.

இப்போது நம் பந்தியை வரிசையாகப் பாருங்கள். பால் பணியாரம் இனிப்பான தேங்காய்ப் பாலில் ஊறிக் கிடக்கிறது. பர்மாவிலிருந்து நகரத்தார் எனப்படும் செட்டியார்களோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசியில் சீனியும் தேங்காய்ப் பூவும் நெய்யும். கும்மாயத்தில் கருப்பட்டி அல்லது வெல்லத்தோடு நெய். ரெங்கூன் புட்டு, உக்காரை, அதிரசம் எல்லாமே வெல்லமோ சீனியோ இல்லாமல் நடக்காது. இதில் அரிசி மாவும் ரவையும் பருப்பும் உண்டு என்பதால் மாத்திரை பிடிக்க ஏதோ கொஞ்சம் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் இனிப்பையும், கலோரியை அள்ளிக் கொட்டும் நெய்யையும் எண்ணெயையும் அது பார்த்துக்கொண்டு நிற்கும். கவுனி கருப்பரிசி ஆயிற்றே, சுகருக்கு நல்லதாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தவிடு நீக்காத அரிசி, நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் அதில் உண்டு, சரி. சீனி போட்டுக் கிளறிய பிறகு அதைக் குறைமாவு உணவு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

சோறு மட்டுமே சாப்பிடும் ஒருவர் கணக்கையும் போட்டுவிடுவோம். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மதியம் 300 கிராம் சோறு என்றால் 84 கிராம். அதே மூன்றில் ஒரு பங்கு என்ற தாராளக் கணக்கில் மாத்திரை தடுப்பது 28 கிராம். இதே பலன், சோற்றை 300-க்குப் பதில் 200 கிராம் போட்டுக்கொண்டால் கிடைத்துவிடும். வாயுவும் இல்லை, செலவும் இல்லை. 200 கிராம் சாப்பிட்டவருக்கு 112 கலோரி முழுசாகவே மிச்சம். மாத்திரை போட்டவருக்கு அதில் பாதி பெருங்குடல் வழியே திரும்பி வந்துவிடும்.

இதையெல்லாம் ஒருவர் உடலழகுக்காக மட்டும் கேட்டால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நம் ஊரில் இந்தக் கேள்வி சர்க்கரை நோயோடு பிணைந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. நாம் உண்ணும் கலோரியில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது என்பதும் அதே ஆய்வுத் தொடரில் தெரிந்தது. அதனால் அரிசியைக் குறைக்க நினைப்பவர்களின் முடிவு சரியான முடிவு. அந்த நல்ல முடிவின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மாத்திரை சம்பாதிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செரிமான நொதியைத் தடுத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் எண்ணமே தவறு என்று சொல்லவில்லை. அந்த எண்ணத்தில் பிறந்த, ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. அகார்போஸ் ஒன்று, வோக்ளிபோஸ் இன்னொன்று. ஜப்பானில் உருவான வோக்ளிபோஸ் இந்தியாவில் நிறைய எழுதப்படுகிறது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற வேறு இரண்டு சர்க்கரை மருந்துகளோடும் சேர்த்து மூன்றும் ஒரே மாத்திரையாக வருவதால், தான் வோக்ளிபோஸ் சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் பலர். இவை குடல் சுவரில் நடக்கும் கடைசி வெட்டைத் தடுக்கின்றன. அதனால் சோறு, சீனி இரண்டின் செரிமானமும் தாமதப்படும். 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களில் அகார்போஸ் எடுத்துக்கொண்டோரில் 32 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 42. பயன் உண்மைதான். வாயு, வயிற்றுப்போக்கு தாங்காமல் பாதியில் விட்டவர்களும் அதில் நிறைய. இத்தனை வீரியமான மருந்தே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கத்தான் எழுதப்படுகிறது. எடை குறைய என்று யாரும் எழுதுவதில்லை. பீன்ஸ் சாறு அதைவிட எத்தனையோ படி கீழே.

வோக்ளிபோஸோ அகார்போஸோ சாப்பிடுகிறவர் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கூடவே கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கினால், நாம் ஓடிப்போய்க் கொடுப்பது சீனித் தண்ணீர் அல்லது மிட்டாய். இந்த மருந்து உள்ளே இருக்கும்போது சீனி சீக்கிரம் செரிக்காது. நடுக்கம் உடனே அடங்காது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். குளுக்கோஸை வெட்ட எதுவும் தேவையில்லை, நேரே இரத்தத்தில் ஏறிவிடும். ஒரு பாக்கெட் வீட்டிலும் ஒன்று பயணப் பையிலும் இருக்கட்டும்.

மாத்திரைக்குப் பதில் பீன்ஸையே சாப்பிட்டால் என்ன என்ற யோசனை பலருக்கு வரும். நம்மவர்களுக்கு இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை அதிகம். வேகவைத்துச் சாப்பிட்டால் நல்ல உணவு. புரதமும் நாரும் கிடைக்கும். ஆனால் கொதிக்கும்போது அந்த அமைலேஸ் தடுப்புப் புரதம் கெட்டுவிடும், தடுப்பு வேலை எதுவும் நடக்காது. அப்படியானால் பச்சையாகவோ அரைகுறையாக வறுத்தோ பொடித்துத் தின்றால்? ஒருபோதும் கூடாது. கிட்னி பீன்ஸில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். 2006 மே மாதம் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை கிட்னி பீன்ஸைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று செய்துகாட்டியது. பார்த்துவிட்டு வீட்டில் செய்து சாப்பிட்டவர்கள் நூற்றுக்கணக்கில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. இதே குறிப்பு வாட்ஸப்பில் தமிழில் வந்தால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைப்பதே முறை. குக்கர் இருக்கும் வீட்டில் இது ஒரு சிரமமே இல்லை.

டப்பாவை வாங்கித்தான் ஆவேன் என்பவர் அதன் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இந்தியாவில் இவை உணவுத் துணைப் பொருளாக விற்கப்படுகின்றன; மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள வாக்குறுதியும் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் உள்ள அந்த வரியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பீன்ஸ் சாறு எத்தனை மில்லிகிராம் என்பதும் முக்கியம். சாதக முடிவு வந்த இத்தாலிய ஆய்வில் ஒரு வேளைக்கு 445 மில்லிகிராம். பல டப்பாக்களில் குரோமியம், கிரீன் டீ, புளி வகைப் பழச்சாறு என்று ஏழெட்டைக் கலந்து, எதில் எவ்வளவு என்பதையே எழுதாமல் விட்டிருப்பார்கள். கலவையாக வருவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பீன்ஸ், கடலை வகை ஒவ்வாமை உள்ளவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். ஏற்கெனவே வோக்ளிபோஸ் எடுப்பவர் இதையும் போட்டுக்கொண்டால் வயிறு இரட்டிப்பாகப் பொருமும்.

விருந்து நாளில் என்னதான் செய்வது என்று கேட்பவருக்கு, செட்டிநாட்டுச் சமையல் வேறெந்தச் சமையலையும்விடத் தாராளமாக இடம் கொடுக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. மிளகுக் கோழி, சுக்கா, நண்டு மசாலா, மீன் வறுவல், முட்டை மசாலா என்று அசைவப் பந்தியில் பாதிக்கு மேல் குறைமாவு உணவுக்காரர்கள் சாப்பிடக்கூடியவைதான். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப் பூ வறுத்து அரைத்த மசாலாவில் மாவுச்சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. சைவப் பந்தியில் கூட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் மண்டி, பொரியல், தயிர் இருக்கின்றன. மண்டியில் வேரும் கிழங்கும் கூடினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் இவற்றை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ஆசைப்பட்ட ஒரு பலகாரத்தை, ஒன்றே ஒன்றை, ரசித்துச் சாப்பிடுவது நல்லது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப் பண்டத்தைக் கடைசிக்கு வைத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அத்தையும் அன்று அதைத்தான் செய்தார். ஒரு கந்தரப்பத்தைப் பிட்டு, பாதியை என் இலையில் வைத்தார்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது கவனிக்க வேண்டியது இந்த மாத்திரையைவிடப் பெரியது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையும் இன்சுலினும் வழக்கமான சோற்றுக்கு ஏற்ற அளவில் எழுதப்பட்டவை. சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் விலை குறைந்து இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். இவற்றோடு கடும் கீட்டோ உணவு சேர்ந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் மிஞ்சிப்போகும் ஆபத்து உண்டு. அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாகக் கூடியிருக்காது என்பதுதான் இதில் சிக்கல். கருவி சாதாரணமாகக் காட்டுகிறதே என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, அசதி வந்தால் அளவு என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ சாப்பிடுவதையும் சோற்றை விட்டதையும் அங்கே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். உணவை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் காட்டி அளவைத் திருத்திக்கொண்டால் இந்த நிலை பெரும்பாலும் வராது.